மறுபடி உறைந்த பால்

தங்கை வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. மேலறையில் பனி அப்பிக்கொண்டு கதவே சரியாக மூடவில்லை. குறைமாதத்தில் பிள்ளை பெற்று, அதை ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுவிட்டு அலைகிறவளிடம் போய், "என்னடி வீடு வச்சிருக்கே" என்று கேட்டவள் நான். ஒத்தாசைக்கு வந்தால் வாயைக் கழற்றி வைத்துவிட்டா வர முடியும்?

மதியம் அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும் ஃப்ரிட்ஜை அணைத்தேன். பிள்ளைக்காக அவள் எடுத்து உறைய வைத்திருந்த தாய்ப்பால் பைகளை ஒரு பாத்திரத்தில் போட்டுவிட்டுத் தட்டு தட்டாகக் கழுவினேன். அதோடு விட்டேனா, அடுக்களை அலமாரிகளையும் ஒரு கை பார்த்தேன். திரும்பி வந்தால் பைகள் தொளதொளவென்று கிடந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சூண்டு பால், அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தது.

நான் அறிவியல் டீச்சர். பனிக்கட்டி உருகுவது மீள் மாற்றம், பால் தயிராவது மீளா மாற்றம் என்று தொண்டை வறள நடத்துகிறவள். "உருகின பாலை மறுபடி உறைய வைக்காதீங்க, கிருமி பெருகியிருக்கும், குழந்தை தாங்காது" என்று நர்ஸ் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னது நன்றாக நினைவிருந்தது. இருந்தும் பைகளை உள்ளே அடுக்கி ஃப்ரிட்ஜைப் போட்டேன். காலையில் எல்லாம் கல்லாகியிருந்தன. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதுதான் கேவலம்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகத் தங்கை கணவர் பைகளைக் குளிர்பெட்டியில் அடுக்கினார்.

"ஃப்ரிட்ஜைப் புதுசாக்கிட்டீங்க அண்ணி. நீங்க வந்ததே எங்களுக்குப் பெரிய தெம்பு."

"பத்திரமாப் போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. பிறகு வண்டி கிளம்பும் சத்தம். கூடத்தில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் போனேன்.

"அந்தப் பால் வேணாம்டி" என்றேன்.

"ஏன்?"

தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். போனை எடுத்தாள்.

"வண்டிய நிறுத்துங்க. அந்தப் பாலைக் குடுத்துடாதீங்க. ஆமா, ஒரு பைகூட."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உருகினதைக் கேக்கலக்கா. தெரியாம நடக்கிறதுதான். ஆனா அவர்கிட்ட பத்திரமாப் போயிட்டு வாங்கன்னு சொன்னியே, அது எப்படிக்கா உனக்கு வாயில வந்துச்சு?"

"பதற்றத்துல மறந்து..." என்று இழுத்தேன். அதுவும் பொய். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அவள் பால் எடுக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். வலிக்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்கிறவள், அன்று உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.