முதுகில் ஒரு தடிப்பு

...அப்படியானால் கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போட்டிருக்கிறது, யாருக்கு அசல் யாருக்கு உப்புத் தண்ணீர் என்று, டாக்டருக்கே தெரியாதாம், இப்படியும் ஒரு வைத்தியமா, என்று பஸ் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி பொருமினாள் பாண்டிமீனா. புருஷனுக்குப் பித்தக்குழாயில் புற்று, முற்றிவிட்டது, வெட்டியெடுக்க வழியில்லை, கீமோ எல்லாருக்கும் உண்டு, அதோடு எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் புது மருந்தையும் ஏற்றினால் ஆயுசு கூடுமா என்று பார்க்கிற சோதனை, பாதிப் பேருக்குத்தான் புது மருந்து, மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீர், இரண்டு பையும் ஒரே மாதிரி... "எங்களுக்கே தெரியாதுக்கா, சத்தியமா" என்றாள் நர்ஸ் ஜாஸ்பின். பெரிய சத்தியம். மதுரை ஆஸ்பத்திரியில் இன்று முழுக்க இவளும் அந்தப் பையையே முறைத்துக்கொண்டிருந்தாள், என்ன தெரிந்தது? பக்கத்துப் படுக்கைக் கோவில்பட்டிக்காரருக்கு நெஞ்செல்லாம் சிவப்புத் தடிப்பு, "அசல் மருந்து ஏறுனா இப்படி வருமாம்க்கா" என்று அவர் பெண்சாதி புது நகையைக் காட்டுகிற மாதிரி சட்டையை விலக்கிக் காட்டினாள். வயிறெரிந்தது. தடிப்புக்குப் பொறாமைப்படுகிற பிழைப்பு.

மிளகாய் நெடி மூக்கில் ஏறியது, விருதுநகர் வந்துவிட்டது, பக்கத்தில் புருஷன் சங்கிலிமுத்து தூங்கினார், பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிய உடம்பு, ஒருநாள் அலுமினியப் பொடியில் வெள்ளியாக வரும், ஒருநாள் கந்தகத்தில் மஞ்சளாக வரும், அதனால்தானே தீபாவளி சீசனில் மஞ்சளாக வந்தவரைக் கந்தகம் என்று தேங்காய் நாரால் தேய்த்தாள், போகவில்லை, இன்னும் அழுத்தித் தேய்த்தாள், சூப்பர்வைசர்கூட "சோப்ப மாத்தும்வே, ஆர்டர் முடியட்டும்" என்றாராம். கண்ணும் மஞ்சளாக இருந்ததே, கண்ணிலுமா கந்தகம் ஒட்டும்? யார் கண்ணைப் பார்த்தார்கள்...

"ஏ மீனா, முதுகு அரிக்குது, சொறிஞ்சு விடு புள்ள."

"எங்கன? எங்கன அரிக்குது உங்களுக்கு?" சட்டையைத் தூக்கிச் சொறிந்தாள், விரலடியில் ஒரு தடிப்பு, சிவப்பாக, அடேயப்பா, அசல்தான், இவருக்கும் அசல்தான், கோவில்பட்டிக்காரிக்கு மட்டுமா அதிர்ஷ்டம், சிரிப்புப் பொங்கியது, "இன்னும் கொஞ்சம் மேல" என்றார், மேலே போன கைக்கு அந்த இடம் பழக்கமாக இருந்தது, மஞ்சள் காமாலை வருவதற்கு முந்தி இதே இடத்தில்தானே அரிக்குது அரிக்குது என்றார், வெடிமருந்துத் தூசி, குளித்தால் போகும் என்று இப்படித்தானே சொறிந்துவிட்டாள்... அப்படியானால் இது மருந்தா, நோயா, தடிப்புகூடத் தன் நகம் பட்டு வந்ததோ?

"ஏங்க, இங்கன திரும்புங்க, கண்ணக் காட்டுங்க."

சொறிந்த சுகத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.