மேடையில் மூன்று நிமிடம்

பாலக்கோட்டுத் திருமண மண்டபத்தின் வாசலில் செருப்புகள் குவிந்திருந்ததைக் கண்டதும் குப்புராஜின் நெஞ்சு நிமிர்ந்தது. உள்ளே இருந்தவர்களுள் பாதிப்பேர் அவர் ஓட்டும் மாரண்டஹள்ளி – ஓசூர்த் தனியார் பேருந்தில் நாள்தோறும் ஏறுபவர்கள். மகள் காவியா துணை விமானியாக இருக்கும் சிறிய விமான நிறுவனம், பயிற்சி விமானிகளைத் தேர்வு செய்யப் பாலக்கோட்டுக்கே வருகிறது என்பதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர்தாம் சொல்லிவந்தார். தக்காளிக் கூடை ஏற்றியவர்களும் அதைக் கேட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் கேட்டார்கள். மேடையில் சீருடை அணிந்த காவியாவின் படம் ஆளுயரத்திற்கு நின்றது. பயிற்சிக் கட்டணம் முப்பது லட்சம், முன்பணம் ஐந்து லட்சம், வேலை உறுதி என்று அதன்கீழ் அச்சிட்டிருந்தார்கள்.

முட்டைக்கோசு பயிரிடும் மாதேஷ், மகளோடு அவரருகே வந்தார்.

“குப்புராஜண்ணா, ரோட்டோரத்து அரை ஏக்கராவ விக்கறதுக்குப் பேசி முடிச்சிட்டனுங்க. உங்க பாப்பா ஏறுன வண்டியில எங்க பாப்பாவும் ஏறட்டும்.”

“ஏறட்டும் மாதேசு. ஆனா உன்னியாட்டம் படிக்கட்டுல தொங்கறதுக்கு அங்க வுட மாட்டாங்க.”

சிரிப்பு அடங்குவதற்குள் காவியா அவரை மணமகள் அறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினாள். நிறுவனம் நான்கு மாதங்களாகச் சம்பளம் தரவில்லை என்றாள். மேடையேறி, நல்ல சம்பளம், நல்ல நிறுவனம் என்று மூன்று நிமிடம் பேசினால், நிலுவை முழுவதையும் மாலைக்குள் கொடுத்துவிடுவதாக, ஆள்சேர்க்க வந்திருக்கும் நிறுவன அதிகாரி சொல்லியிருக்கிறார். மறுத்தால் வேலையும் நிலைக்காது.

குப்புராஜுக்கு முதலில் விளங்கவே இல்லை. அவருடைய தொழிலில், அன்றைய கூலியான பேட்டாவைக் கையில் வாங்காமல் எந்த ஓட்டுநரும் வண்டியைவிட்டு இறங்குவதில்லை. ஒருநாள் பேட்டா நின்றால் மறுநாள் வண்டி நகராது. வானத்தில் பறக்கும் வண்டிக்கும் அதுவே முறை என்று அவர் நம்பியிருந்தார். அதனால்தான் மகளிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமலே ஊரைத் திரட்டிவிட்டார்.

“நாலு மாசமா பேட்டா வாங்காமயா ஓட்டுன?”

“உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துதுங்கப்பா.”

அவளுடைய படிப்புக்காக வங்கியில் அடகிருக்கும் வீடு அவர் நினைவுக்கு வந்தது. ‘பேசிவிடு’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. மாதேஷின் அரை ஏக்கர் அதை அங்கேயே நிறுத்தியது.

“கூட்டியாந்தவன் நானு. நானே போய்ச் சொல்லட்டுமா?”

“வேணாங்கப்பா. ஓட்டறவ நானு. நான்தான் சொல்லணும்.”

மேடையில் அவள் ஒலிவாங்கியைப் பிடித்த விதத்தில் தயக்கம் இல்லை.

“நாலு மாசமா எங்களுக்குச் சம்பளம் வரலைங்க. மூத்தவங்க பாதிப்பேர் வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க. அந்த எடத்துக்குத்தான் உங்க புள்ளைங்களக் கூப்பிடறாங்க. பறக்கறது நல்ல வேலைங்க, நான் வுட மாட்டேன். ஆனா இவங்க குடுத்த இந்தத் தாளுல கையெழுத்துப் போடாதீங்க.”

அதிகாரி ஒலிவாங்கியின் இணைப்பைத் துண்டித்தார். கூலி கொடுக்க வக்கில்லாமல், வேலைக்கு வருபவனிடமே பணம் பறித்து, அதற்குத் ‘தேர்வு’ என்று பெயர் சூட்டத் துணிந்தவர்களுக்கு அந்த ஒரு கம்பியே கடைசித் துணையாக இருந்தது. காவியாவோ குரலை உயர்த்தி, எஞ்சியதையும் சொல்லி முடித்தாள். அது, எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகத் தாம் நடத்துநரிடம் பேசும் அதே குரல் என்பதைக் குப்புராஜ் அறிந்தார். அவர் கண்கள் நிறைந்தன; துடைத்துக்கொள்ளவில்லை.

மண்டபம் காலியாகும் என்று அதிகாரி எதிர்பார்த்திருக்கக்கூடும். எவரும் எழவில்லை. சற்று நேரங்கழித்து மாதேஷின் மகள், படிவத்தை இருக்கையிலேயே வைத்துவிட்டு, மதிப்பெண் பட்டியலோடு மேடையருகே வந்தாள்.

“அக்கா, அப்ப எந்தக் கம்பெனியில சரியாக் குடுக்கறாங்க? அதுக்கு என்னா படிக்கணும்?”

அவள் பின்னால் இன்னொருவன் நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு தாயும் மகளும். காவியா கைப்பேசியைத் தந்தையிடம் கொடுத்துவிட்டு, மேடைப் படியிலேயே உட்கார்ந்து முதல் பட்டியலை வாங்கினாள்.

வரிசை பந்திக்கூடம்வரை நீண்டது. முண்டியடித்தவர்களைக் குப்புராஜ் கையை நீட்டி ஒழுங்குபடுத்தினார். அவருடைய காக்கிச் சட்டைப் பையில் மகளின் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார்; திரையில் நிறுவனத்தின் பெயர். அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே பையில் திரும்பப் போட்டுவிட்டு, கடைசியாக வந்து நின்ற முதியவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.