வலி வரட்டும்

என் புருஷனுக்கு வலி வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை. கேட்கிறவர்கள் என்னை ராட்சசி என்று நினைக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும். வலது கண் முழுக்க ரத்தமாய்ச் சிவந்து கிடக்க, "எனக்கு ஒண்ணுமே இல்லடி, நீதான் ஊரைக் கூட்டுற" என்று பல்லைக் காட்டுகிற மனிதனோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பார்த்தால் அவர்களும் வேண்டிக்கொள்வார்கள்.

அவர் வெல்டர். வேலை செய்வது என் அண்ணன் பட்டறையில்தான். இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு என்று எல்லாம் செய்வார்கள். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பின்னால் இருபது பிள்ளைகள் கத்தினாலும் அசர மாட்டேன். கண் டாக்டரம்மா பஞ்சை மெல்லிய திரியாக முறுக்கி அவர் வலது கருவிழியில் தொட்டபோதுதான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இடது கண், பஞ்சு கிட்டே வருவதற்குள் மூடிக்கொண்டது. வலது கண் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தது.

"கருவிழியில உள்ள நரம்பு செத்துப்போச்சு. தூசி விழுந்தாலும் தெரியாது, புண்ணு வந்தாலும் தெரியாது. வந்த புண்ணும் ஆறாது. இப்படியே விட்டா ஓட்டை விழுந்துரும்" என்றார் டாக்டரம்மா.

"வலிக்காம இருக்கிறது நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்டார் என் மகாராசன். மேசைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். நல்லவேளை, அது வலித்தது.

டாக்டரம்மா பொறுமைசாலி. ஒரு புரதத்தைப் பற்றிச் சொன்னார். நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயராம். வயிற்றில் பிள்ளை உருவாகிற காலத்தில் உடம்பே அதைச் சுரக்கிறதாம். நரம்பு எந்தப் பக்கம் வளர வேண்டும், எது பிழைக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில்தானாம். பெரியவர்களான பிறகும் நரம்பை உயிரோடு வைத்திருப்பதில் அதற்குப் பங்கு உண்டாம். மனித உடம்பில் இருக்கிற அதே புரதத்தைத் தொழிற்சாலையில் செய்து சொட்டு மருந்தாகக் கொடுக்கிறார்கள். குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டும். பகலெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விட வேண்டும்.

"வெல்டிங் பக்கமே போகக் கூடாது. வேற ஏதாவது மருந்து போடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார் இவர்.

வீட்டில் இருங்கள் என்றால் கேட்கிற ஜென்மமா? கண்ணாடி மாட்டிக்கொண்டு பட்டறை முன்னறையில் உட்கார்ந்து அளவு குறித்துக் கொடுக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். நானும் விடவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு, மருந்துப் பெட்டியோடு பட்டறை வாசலில் வேனை நிறுத்தி ஹாரன் அடிப்பேன். வேன் படியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்ப்பார். சொட்டு விடுவேன். உள்ளே இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "அண்ணே, அம்மா பால் சங்கோட வந்துட்டாங்க, வாயைத் திறங்க" என்று கிண்டல். "உங்க கண்ணு போனா உங்க பொண்டாட்டிங்க ஓடிப்போயிருவாங்கடா, எனக்கு ஓட வழியில்லாமதான் நிக்கிறேன்" என்பேன். சிரிப்பார்கள்.

மருந்து வேலை செய்தது. புண் சுருங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன். "இனிமே வலி வரலாம். பயப்படாதீங்க, நரம்பு உயிர் பெறுதுன்னு நம்பிக்கை வைக்கலாம். ரொம்ப வலிச்சா உடனே எனக்கு போன் பண்ணுங்க. நீங்களா எதையும் போடாதீங்க" என்றார்.

சொன்னபடியே ஒரு நாள் காலையில் சொட்டு விட்டதும் "ஸ்ஸ்" என்று கண்ணை இறுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வேனில் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் பாட்டுப் பாடினேன். ஆனால் மறுநாள் கேட்டால் வலி இல்லை என்றார். அதற்கடுத்த நாளும் இல்லை. "அவ்வளவுதான்டி, சரியாப்போச்சு" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

அடுத்த முறை கருவி வழியாகப் பார்த்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. புண் பழைய அளவைத் தாண்டிப் பெரிதாகியிருந்தது. பஞ்சால் தொட்டார். கண் அசையவில்லை.

"வேற என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல டாக்டர்."

"பொய் சொல்லாதீங்க" என்று நான் கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"மருந்து எதுவும் போடலடி. மரப்புச் சொட்டு மட்டும்தான்" என்றார்.

டாக்டரம்மா கையிலிருந்த விளக்கை மேசைமேல் வைத்தார். "மரப்புச் சொட்டா?"

"அது மருந்து இல்லீங்களே. பட்டறையில கிடக்கும்."

அவர் ஏமாற்றவில்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. பட்டறைக் கருவிப் பெட்டியில், சாக்கட்டிக்கும் கம்பி பிரஷ்ஷுக்கும் நடுவில் அந்தக் குப்பி கிடக்கும். வெல்டிங் வெளிச்சம் அடித்து, மணலை அள்ளிப் போட்டதுபோல் கண் எரிந்தால் ஆளுக்கு ஒரு சொட்டு. உடனே மரத்துவிடும், வேலை ஓடும். வருஷக்கணக்காக இப்படித்தான். கிரீஸ் டப்பாவை யாராவது மருந்து என்பார்களா? அவர்களுக்கு இதுவும் அப்படித்தான்.

"நாங்க பரிசோதனைக்கும் ஆபரேஷனுக்கும் அளந்து போடுறதைத் தினமும் போட்டிருக்கீங்க. முதல்ல நரம்பைக் கெடுத்ததே அதுவாத்தான் இருக்கும். இப்ப வளர்ந்து வந்ததையும் கெடுக்கிறீங்க" என்றார் டாக்டரம்மா. "இன்னொரு தடவை போட்டா இந்தக் கண்ணை நான் காப்பாத்த முடியாது."

"யார் குடுத்தது?" என்றேன்.

"மச்சான்தான். நான் துடிச்சதை அவரால பாக்க முடியல."

என் கூடப்பிறந்தவன்! நான் பட்டறைக்குப் போனபோது அண்ணன் கதவு மாட்ட வெளியே போயிருந்தான். கருவிப் பெட்டியைக் கவிழ்த்து, அந்தக் குப்பியைச் சாக்கடையில் எறிந்தேன். நின்றிருந்தவர்கள் நான் சோற்றுப் பானையைப் போட்டு உடைத்ததுபோல் பார்த்தார்கள். "எவனாவது இனிமே இதைத் தொட்டீங்க, வேனை ஏத்திருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பிறகு அவரை வீட்டைவிட்டு நகரவிடவில்லை. பக்கத்து வேன்காரரிடம் கெஞ்சிப் என் வேன் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். நேரம் தவறாமல் சொட்டு விட்டேன். விடும்போதெல்லாம் "வலிக்குதா?" என்பேன். "இல்ல" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, எனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம்போல் வந்தது. பாத்திரங்களைத்தான் போட்டு உடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அலறினார்.

"ஐயோ! ஊசியால கிண்டுற மாதிரி இருக்குடி! பாவி, எதையாவது செய்!"

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். நல்ல சேதியாக இருக்கலாம், மாத்திரை தருகிறேன், உடனே கூட்டி வாருங்கள் என்றார். நான் சாவியைத் தேடி எடுப்பதற்குள் வாசலில் அண்ணன் நிற்கிறான். இவர்தான் எனக்குத் தெரியாமல் அவனுக்கு போன் போட்டிருக்கிறார். அண்ணன் கையில் புத்தம் புதுக் குப்பி.

வாசலை மறித்து நின்றேன். "உள்ள கால் வச்ச, நடக்கிறதே வேற."

"உனக்கு ஈவு இரக்கம் இருக்கா? கட்டின புருஷன் கத்துறான், நீ வேடிக்கை பாக்குற!"

"கத்தட்டும். கண்ணு பிழைக்கணும்னா கத்தட்டும். அவரைக் குருடாக்கத்தான் உனக்குக் கட்டிக் குடுத்தாங்களா? எனக்குத்தானே கட்டிக் குடுத்தாங்க!"

"மச்சான், சீக்கிரம்!" என்று உள்ளேயிருந்து இவர் கதறினார்.

"ஒரே ஒரு சொட்டுதானே. நான் எத்தனை வருஷமா போடுறேன், எனக்கு என்ன ஆயிருச்சு?" என்று அண்ணன் முகத்தை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தான்.

வாசல் வெயில் அவன் முகத்தில் விழுந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் கிட்டே போய் அவன் கண்ணைப் பார்த்தேன். அவன் இடது கருவிழியில் ஒரு கரும்புள்ளி. கடுகில் பாதி இருக்கும். கம்பியை ராவும்போது தெறித்த இரும்புத் துகள். அதைச் சுற்றித் துரு பழுப்பாகப் படர்ந்திருந்தது. அது நேற்று விழுந்ததல்ல.

"அண்ணே, கண்ணு உறுத்துதா?"

"எனக்கு எதுக்கு உறுத்தப்போகுது? பேச்சை மாத்தாத, வழிய விடு."

அந்தக் குப்பியைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தேன். அவன் கையை ஓங்கினான். ஓங்கட்டும். சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தேன். "ஏறு வண்டியில."

"எதுக்குடி?"

வேன் கதவைத் திறந்து பிடித்தேன். என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டோ என்னவோ, அவன் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தான். இவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின்னால் பிள்ளைகள் சீட்டில் படுக்க வைத்தேன். வழியெல்லாம் என் வம்சத்தையே திட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வசவும் எனக்குத் தெம்பாக இருந்தது.

பக்கத்தில் இருந்தவன்தான் ஒவ்வொரு பள்ளத்திலும் என்னை முறைத்தான்.

"மெதுவா ஓட்டுடி. மாப்ளைக்கு வலிக்குதுல்ல" என்றான், அந்தக் கண்ணைக் கொஞ்சமும் சிமிட்டாமல்.

நான் வண்டியை இன்னும் விரட்டினேன்.