கடல் தெரியும் அறை

அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனசுல வச்சுக்க முடியல."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நேத்து உங்க சித்தி போன் பண்ணதும் நான்தான் முதல்ல ஓடி வந்தேன். என் தம்பி நாற்காலியில சாஞ்சு கிடக்கான். இவ பக்கத்துல தரையில உக்காந்து மாத்திரையைக் கையில கொட்டி எண்ணிட்டிருக்கா. கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. என்னைப் பாத்ததும் டப்பாவை மூடிட்டா."

"எந்த மாத்திரை?"

"எனக்கென்ன தெரியும். புருஷன் அப்படிக் கிடக்கும்போது எவளாவது மாத்திரை எண்ணுவாளா? நீ படிச்சவ. நீயே யோசி."

அத்தை போய்விட்டாள். சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் விழுந்து அப்படியே சூடாகிப் படிந்திருந்தது. அதில் தண்ணீர் தெளித்து மறுபடி தேய்த்தாள். அப்பா ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் இருந்தார். அவளுடைய தம்பியின் விமானம் இறங்கியதும் போய் உடலைக் கொண்டுவர வேண்டும். அதற்குள் சட்டை தயாராக இருக்க வேண்டும்.

அத்தை சொன்னது அவளுக்குப் புதிதாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அம்மா போன பிறகு அப்பா துணிக்கடையில் வேலை பார்த்த இந்தச் சித்தியைக் கட்டிக்கொண்டபோது அவள் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அப்பாவின் நுரையீரலுக்கு இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்த பிறகு, இந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று கண்ணில் உறுத்தியது. பால்கனிக் கதவு பூட்டியே கிடந்தது. கேட்டால், "புறா உள்ள வந்துடுது" என்றாள் சித்தி. மாத்திரை டப்பா சித்தியின் கைப்பைக்குள் இருந்தது. வலி எடுத்தால் அப்பா கையை நீட்ட வேண்டும், சித்தி ஒன்றை எடுத்துத் தந்து, விழுங்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்புறம் அந்தக் கப்பல்.

உடம்பு இருக்கும்போதே ஒரு தடவை கப்பலில் போய்விட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். போன தடவை அவள் வந்தபோது, டிராவல்ஸ்காரர்கள் கொடுத்த வழவழப்பான புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஜன்னலே இல்லாத உள் கேபின். கண்ணாடி வழியாகக் கடல் தெரியும் கேபின். கதவைத் திறந்தால் பால்கனியும் இரண்டு நாற்காலியும் உள்ள கேபின்.

"எனக்குப் பால்கனிதான். லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து பாதி ஆயுசு அந்தக் குழிக்குள்ளயே போச்சு. கப்பல்லயும் போய்ச் சுவத்தைப் பாத்துட்டுப் படுக்கணுமா?"

"உள் கேபின் போதும்" என்றாள் சித்தி, துணி மடித்தபடியே. "தூங்கத்தானே போறோம். கடலைப் பாக்கணும்னா மேல போய் எல்லாரோடவும் நின்னு பாக்கலாம்."

"அவர் ஆசைப்படறதுதானே, கொடுத்தா என்ன குறைஞ்சு போகுது சித்தி?" என்று இவள் கேட்டாள். சித்தி மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா புத்தகத்தை மூடிவிட்டு வேறு எங்கோ பார்த்தார். சாகப்போகிற மனுஷனிடம்கூடக் கணக்குப் பார்க்கிறாள் என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மேஜைமேல் இருந்த அப்பாவின் போன் அடித்தது. டிராவல்ஸ் என்று காட்டியது.

"சார், வணக்கம். கேபின் எதுன்னு இன்னைக்குச் சொல்லிடுங்க சார். இதுக்கு மேல பிடிச்சு வைக்க முடியாது." சின்ன வயதுப் பெண்ணின் குரல்.

"நான் அவரோட பொண்ணு. அப்பா நேத்து தவறிட்டார்."

"அய்யோ. சாரிங்க. எனக்குத் தெரியாது."

"கேபினை முடிவே பண்ணலையா அவங்க?"

"சார் பால்கனி போடச் சொல்வார். மேடம் தனியா கூப்பிட்டு உள் கேபினுக்கு மாத்தச் சொல்வாங்க. சார் திரும்பவும் மாத்துவார். எங்க ஆபீஸ்லயே இதைச் சொல்லி சிரிப்போம், தப்பா எடுத்துக்காதீங்க. கடைசியா மேடம் நேர்லயே வந்தாங்க. சரி, நடுவுல உள்ளதைப் போடுங்க, கடல் தெரியறதுன்னாங்க. ஆனா அந்த ஜன்னல் திறக்குமான்னு கேட்டாங்க. திறக்காது மேடம், சீல் பண்ணதுன்னேன். அடிச்சா உடையுமான்னு கேட்டாங்க."

"என்ன?"

"ஆமாங்க. கப்பல் கண்ணாடி, உடையாது மேடம்னு சொன்னதும்தான் எந்திரிச்சாங்க. சார்கிட்ட கேட்டுட்டு உறுதி பண்றேன்னாங்க."

போனை வைத்த பிறகும் அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். சித்தி வந்தவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டிராவல்ஸ்ல இருந்து போன் வந்துது. ஜன்னல் உடையுமான்னு கேட்டீங்களாம்."

சித்தி குழாயை மூடவில்லை. "கேட்டேன்."

"எதுக்கு?"

கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"ஒருநாள் சாப்பிட்டுட்டு இருக்கும்போது கேட்டார். கப்பல்ல இருந்து ஒருத்தர் விழுந்துட்டா மத்தவங்களுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்னு. வாழ்க்கை முழுக்க லிஃப்ட் பாத்த மனுஷன், விழறதைப் பத்திதான் நினைப்பார்னு நானும் விட்டுட்டேன். அடுத்த வாரம் மறுபடி கேட்டார். கேட்டுட்டு என் முகத்தைப் பாக்கல."

அவள் கழுவி வைத்த டம்ளர் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"நிஜமாவே அவர் அப்படி..."

"தெரியலம்மா. காத்து வாங்கணும்னுகூடக் கேட்டிருக்கலாம். பாவம், நான்தான் கெடுத்தேனோ என்னவோ. நிச்சயமாத் தெரிஞ்சிருந்தா உங்கிட்ட சொல்லியிருப்பேன். வெறும் சந்தேகத்தை எப்படிப் பிள்ளைங்ககிட்ட சொல்றது? உங்கப்பாவைப் பத்தி நீங்க அப்படி நினைக்கணுமா?"

கேட்காமல் இருந்துவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்டாள். "நேத்து மாத்திரையை எண்ணினீங்களாமே."

"உங்க அத்தை பாத்தாங்க." சித்தி இப்போது குழாயை மூடினாள். "மூச்சு நின்னுடுச்சுன்னு தெரிஞ்சதும் எனக்கு அழுகை வரல. கை பையைத் தேடுச்சு. ரெண்டு தடவை எண்ணினேன்."

"சரியா இருந்துதா?"

"இருந்துது. ஒண்ணுகூடக் குறையல." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "உயிர் தானாத்தான் போச்சு."

அவள் ஒரு துணியை எடுத்தாள். ஈரமாக இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அலமாரியில் அடுக்கினாள். அதற்குள் வாசலில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள். போய் உட்காரவைத்து, எப்படி நடந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தூக்கம் மாதிரிதான் இருந்தது என்று சொன்னாள்.

தம்பி இறங்கிவிட்டதாகப் போன் செய்தபோது சித்தியைத் தேடினாள். பின்னறைக் கட்டிலின் ஓரத்தில், சுவரில் தலை சாய்த்து, வீட்டுக்குள் போடும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சித்தி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மெல்லிய குறட்டை. அவள் குனிந்து செருப்புகளைக் கழற்றினாள். கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்தபோதும் சித்தி விழிக்கவில்லை.

வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். கூடத்தில் அத்தை கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"எங்க அவ? வந்தவங்க கேக்கறாங்க. உள்ள என்ன பண்றா?"

"குளிக்கிறாங்க" என்றாள் அவள். ஒரு நாற்காலியை இழுத்துவந்து கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.