சாமிதுரையின் துப்பாக்கியில் ஒரு சிவப்புக் கோடு

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லாதீர்கள். விருத்தாசலத்தில் எங்கள் வரிசை வீடுகளுக்கு ஒற்றைச் செங்கல் சுவர், குற்றம் கட்டியவருடையது. 1971ஆம் வருடம். பக்கத்து வீட்டுச் சாமிதுரை பீங்கான் ஆலையில் கேட் காவலாளி. அவர் மனைவி நீலாவதி அதே ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள்.

‘டுமீல் என்று வெடித்தது’ என்றுதான் முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். வெடிக்காததுதான் கதையே.

2

காவலுக்கென்று ஆலை புதிதாக வாங்கிச் சாமிதுரையிடம் கொடுத்த கைத்துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தபோது, ஆறு தோட்டாவில் மூன்று வெறும் ‘டிக்’. வாங்கிய மதராஸ் கடைக்கே பழுதுபார்க்க அனுப்பினார்கள். எண்ணெய் குளித்துத் திரும்பி வந்தது. மறுபடி ‘டிக்’. மறுபடி மதராஸ். இந்த முறை கூடவே ஒரு கடிதமும் வந்தது: பொருளில் குறையில்லை, வைத்திருப்பவர் கீழே போட்டிருக்கிறார்.

மேலாளர் நம்பிவிட்டார். திங்கட்கிழமைக்குள் சாமிதுரை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேலை போகும். (ஒப்புக்கொண்டாலும் போகும் என்று சனாவுல்லா டீக்கடையில் பேச்சு. அதை ஆரம்பித்தது யார் என்பது கதைக்கு அவசியமில்லை.)

3

இந்த இடத்தில் எனக்கே சாமிதுரைமேல் சந்தேகம். பட்டாளத்தில் இருந்தவர்தான், ஆனால் சைக்கிளைச் சுவரில் சாத்தினால் அது சாக்கடையில் கிடக்கும். அவர் போட்டிருப்பார் என்றே ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி. சுவருக்கு அந்தப் பக்கம் நீலாவதி அதைக் கெடுத்தாள்.

“போட்டீங்களா, போடலியா?”

“போடலடி.”

“அப்ப எதுக்கு அழுவுறீங்க? நாளைக்கி அந்தத் துப்பாக்கிய எங்க டேபிளுக்கு எடுத்துட்டு வாங்க.”

[அவர் அழுததை எழுதுவதில்லை என்றிருந்தேன்.]

4

துப்பாக்கி வேலை செய்யும் விதத்தை அரைப் பக்கம் விளக்கியிருந்தேன், எனக்கே புரியாமல் அதை… போகட்டும். தோட்டாவின் முதுகில் அடிக்கச் சுத்தி ஒன்று உண்டு, அது போதும்.

கோப்பையில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பிடிக்கத் தரப் பிரிவுப் பெண்கள் சிவப்பு மை தடவித் துடைப்பார்கள். விரிசல் இருந்தால் மையைக் குடித்துக் கோடாக நிற்கும். நீலாவதி சுத்திக்கும் தடவித் துடைத்தாள். மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு.

மேலாளர் சிரித்தாராம். கீழே போட்டால் விரிசல் விடத்தானே செய்யும் என்றாராம். அந்தக் கோட்டின் வழியாகவே சுத்தியை உடைத்துப் பார்க்கச் சொன்னாள் நீலாவதி. ஆலைப் பொருளை உடைப்பதா என்றார்.

“எம்மேல தப்புன்னா என் வேலயையும் சேத்து எடுத்துக்குங்க சார்.”

ஃபிட்டர் ஆதிநாராயணன் குறடால் உடைத்தார். சுத்தி உடைந்த பரப்பில் பாதி பளபளப்பு, பாதி கறுப்பு. நீலாவதி அதைக் காட்டிச் சொன்னாள்:

“கப்புல விரிசலுக்குள்ள கிளேஸு, அந்தப் பளபளப்புப் பூச்சு, எறங்கியிருந்தா, அது சூளைக்கிப் போறதுக்கு முன்னாடியே வுட்ட விரிசல்னுதானே கழிக்கிறோம்? இதுல துருப்பிடிக்காம இருக்க கம்பெனிக்காரங்க ஏத்துன கறுப்பு உள்ளாற போயிருக்குது பாருங்க. கறுப்பு ஏத்துறப்பவே விரிசல் இருந்திருக்குது. அந்த நேரத்துல இது இவரு கைக்கே வரல.”

5

மேலாளர் மன்னிப்புக் கேட்டார் என்கிறார் ஆதிநாராயணன். வெறுமனே இருமினார் என்கிறார்கள் தரப் பிரிவில். நான் அங்கே இல்லை, என்ன கொடுமை.

ஆனால் அன்று சாயங்காலம் கேட்டுக்கு எதிரே நின்றேன். தற்செயலாகத்தான். துப்பாக்கியை மதராஸ் கடைக்காரர் மேசையில் தானே வைக்கப்போவதாக மேலாளர் காரில் கிளம்பி வந்தார். சீருடையில் இருந்த சாமிதுரை கையை நீட்டி நிறுத்தினார். கேட் பாஸ் இல்லாமல் ஆலைப் பொருள் வெளியே போகக் கூடாது. மேலாளரே போட்ட உத்தரவு.

மேலாளர் இறங்கி, கார் பானெட்டின்மேல் வைத்துப் பாஸ் எழுதிக் கொடுத்தார்.

“காரணம் எழுதலீங்களே சார்,” என்றார் சாமிதுரை.

மேலாளர் சீட்டைத் திரும்ப வாங்கினார். பிறகு எழுதினார். ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எனக்குப் படிக்க முடியவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்து மூன்றையும் அடித்துவிட்டேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்:

காரணம்: ……………………

ஒரே நிபந்தனை, நீங்கள் எழுதுவது இதற்குப் பொருந்த வேண்டும். சாமிதுரை அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம்தான் தடுப்புக் கட்டையைத் தூக்கினார்.