பதினாறு இஞ்சு வீல்

மகள் குனிந்து, தன் சித்தப்பாவின் கார் சக்கரத்தில் முகம் பார்த்து முன்முடியைச் சரிசெய்துகொண்டதை அப்பாக்காரர் மாடிப்படியில் நின்றபடியே பார்த்துவிட்டார். துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது அந்த அலாய் வீல். "ஏன்டி, உங்க வீட்டுல கண்ணாடியே இல்லையா?" என்று சித்திக்காரி சிரித்தாள். "இதுலதான் சித்தி நல்லாத் தெரியுறேன்" என்றாள் மகள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் மீன் முள் தொண்டையில் நிற்கிற மாதிரி அவருக்குள் நின்றுகொண்டது. பக்கத்தில் அவருடைய சொந்தக் கார் நின்றிருந்தது. மூன்று கை மாறி அவரிடம் வந்த பழைய செடான். இன்ன நிறம் என்று சொல்லமுடியாதபடி வெளுத்திருந்தது. நான்கும் இரும்புச் சக்கரம். மூன்றில் பிளாஸ்டிக் மூடி இருந்தது; நாலாவது மூடி எந்தப் பள்ளத்தில் கழன்று ஓடியதோ, அந்தச் சக்கரம் மட்டும் பல் விழுந்த வாய்போல இளித்துக்கொண்டிருந்தது.

குடோனில் மூட்டை ஏற்றுகிறவர் அவர். அங்கே அவருக்குக் கிரேன் என்று பெயர். அந்த அலாய் வீல் காருக்குச் சொந்தக்காரரான சகலையோ டைல்ஸ் கடையில் விற்பனைப் பிரிவு. அவரைவிட வயதில் சின்னவர், சட்டையில் மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போய் மடிப்புக் கலையாமல் வீடு திரும்புகிறவர். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை அதிகமாகப் பேசியதில்லை, வந்தால் வெறுங்கையோடு வந்ததில்லை. வயிற்றெரிச்சலுக்கும் ஊன்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே! அந்த ஆளிடம் அதுகூடக் கிடைக்காமல் கிரேன் தவித்தார். ஒற்றை விரலால் ஸ்டியரிங்கை வளைப்பது, இறங்கி நடந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் சாவியை அமுக்குவது, அதற்கு வண்டி 'கீச்' என்று பதில் சொல்வது. கட்டிய பெண்டாட்டிகூட அப்படிப் பதில் சொல்வதில்லை என்று அவருக்கு எரியும்.

அன்றைக்குக் கிளம்பும்போது சகலை சாதாரணமாகத்தான் சொன்னார். "பாப்பாவ ஹாஸ்டல்ல விட நம்ம வண்டியிலயே போயிடலாம்ணே. தூரம் வேற. ஏசி போட்டுக்கிட்டா களைப்பு தெரியாது."

கிரேன் வாயைத் திறப்பதற்குள் மனைவி "அதுவும் நல்லதுதான்" என்றுவிட்டாள். மகளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது.

"எம் புள்ளைய கொண்டுபோய் விட எங்கிட்ட வண்டி இருக்கு" என்றார் கிரேன். சொன்ன பிறகுதான் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது தெரிந்தது. சகலை சிரித்து, "அதுவும் சரிதாண்ணே" என்றார். அந்தச் சிரிப்பிலும் குறையில்லை.

நர்சிங் படிக்கப் போகிறாள். வீட்டை விட்டு முதல் தடவையாகப் போகிறாள். இனிமேல் விருந்தாளி மாதிரி வந்து வந்து போவாள். அந்த ஒரு பயணமாவது தன் வண்டியில், தன் பக்கத்தில் நடக்கவேண்டும். ஹாஸ்டல் வாசலில் மற்றப் பெண்கள் பார்க்க, மூடி விழுந்த சக்கரத்தோடு போய் நின்று அவளைத் தலைகுனிய வைக்கவும் கூடாது. வீல் மாற்றப்போவதாகச் சொன்னபோது அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "புலியப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிச்சாம். போங்க, நல்லாப் போட்டுக்குங்க."

டயர் கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். காலால் ஒவ்வொரு டயரையும் எத்திப் பார்த்தார். "இதுக்குப் பதினாலு இஞ்சு அலாய் இருக்கு. கைமாறி வந்ததுதான், ஆனா வளைசல் இல்ல, வெடிப்பு இல்ல. டயரு புதுசாவே போட்டுக்கலாம், கையக் கடிக்காது. எடுப்பா வேணும்னா பதினஞ்சு. அதுக்கு மேல வேணாம்."

"பதினாறு இல்லையா?"

"யாரு வண்டியில பாத்தீங்க?"

கிரேன் மூலையில் அடுக்கியிருந்த டயர்களைப் பார்த்தார். கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத வாடிக்கையாளர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். "விரலுக்கேத்த வீக்கம் வேணும்ணே. பதினாறு ஒரு செட்டு கெடக்கு. போல்ட்டு உக்காரும், அதுல தகராறு இல்ல. டயரு அகலம். பெரிய வண்டியில கழட்டுனது. விலையும் பதினாலவிடக் கம்மிதான், யாரும் கேக்கறதில்ல. ஆனா ஆளேத்திப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"லோடப் பத்தி எங்கிட்டயா சொல்றீங்க? நான் தெனம் அதத்தானே பண்றேன்."

பதினாறையே மாட்டினார்கள். கிரேன் தனியாக உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இடது கடைசிவரை ஒடித்தார், வலது கடைசிவரை ஒடித்தார். எங்கும் உரசவில்லை. இறங்கி, எட்ட நின்று பார்த்தார். கிழவனுக்குப் புதுச் செருப்பு வாங்கிப் போட்டதுபோல இருந்தது. இருந்தாலும் அந்தச் செருப்பு சகலையின் செருப்பைவிட அகலம்! மறுநாள் குடோனில், "என்ன கிரேனு, வண்டிக்குப் பொண்ணு பாக்கறியா?" என்று கேலி செய்தார்கள். அதுகூட இனித்தது. லாரி ஓட்டுநர் ஒருவர் இன்னும் பத்து மூட்டை போடச் சொன்னார். கிரேன் பின்சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்து, "நாலு வெரல்தான் இருக்கு. போதும், எடு வண்டிய" என்றார். எந்த வண்டி எவ்வளவு தாங்கும் என்பதை அந்த நான்கு விரல்தான் அவருக்கு இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தது. தன் வண்டிக்கு அந்தக் கையை வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவேயில்லை. அந்தச் சக்கரங்களைப் பார்க்கும்போதெல்லாம் சகலையின் முகம் எப்படிச் சுருங்கும் என்பது மட்டும்தான் தோன்றியது.

புறப்படும் காலையில் சகலையும் அவர் மனைவியும் வழியனுப்ப வந்திருந்தார்கள். சகலை வீலைப் பார்த்ததும், "அடேங்கப்பா! எப்பண்ணே மாத்துனீங்க? நம்மளுத விட எடுப்பா இருக்கே" என்றார். முகம் சுருங்கவில்லை. மனசாரச் சொன்னார். கிரேனுக்குப் பாதி ருசி அங்கேயே போய்விட்டது. டிக்கியில் இரும்புப் பெட்டி, புத்தகக் கட்டு, வாளி, மெத்தைச் சுருட்டு. பின்சீட்டில் மனைவியும் மகளும், நடுவில் பைகள். வண்டி கிளம்பி, தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியது.

'கர்ர்ர்' என்று பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"என்னப்பா அது?"

"ஒண்ணுமில்ல. புது டயரு, பழகும்."

அடுத்த பள்ளத்தில் மறுபடியும். இந்தத் தடவை ரப்பர் தீய்ந்த வாசனையும் வந்தது. மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். மெயின் ரோடு வரை வழியனுப்பப் பின்னாலேயே வந்த சகலை ஹார்ன் அடித்து நிறுத்தச் சொன்னார். இறங்கி, மடிப்புக் கலைவதைப் பார்க்காமல் தரையில் குந்தி, மட்கார்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "உரசுதுண்ணே. இப்பிடியே போனா வழியிலயே டயரு கிழிஞ்சிடும்."

கிரேனும் குந்தினார். நான்கு விரல் நுழையவில்லை. ஒரு விரல்கூட நுழையவில்லை. டயரின் விளிம்பில் புதிதாக ஒரு கோடு, கத்தியால் கீறினாற்போல. ஊரார் லாரிக்கெல்லாம் கணக்குச் சொன்ன கை அந்த இடுக்கின் வாசலிலேயே நின்றது.

"பின்னால பாரம் இல்லேன்னா ஒண்ணும் ஆகாது. முன்னால ஒரு ஆள்னா தாங்கும்" என்றார் சகலை, தாழ்ந்த குரலில். மற்றவர்களுக்குக் கேட்கவேண்டாம் என்று அவர் நினைத்ததுதான் கிரேனை இன்னும் சுட்டது. பெட்டியைச் சகலையே இறக்கித் தன் டிக்கிக்குக் கொண்டுபோனார். மூட்டை தூக்குகிறவன் சும்மா நிற்க, டைல்ஸ் விற்கிறவர் தூக்கினார். மனைவி பைகளோடு இறங்கினாள். பூனைக் கதையைக்கூட எடுக்கவில்லை. மகள் இரண்டு வண்டிக்கும் நடுவில் கொஞ்சம் தயங்கினாள். 'முன்னால வந்து உக்காரு' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். அவளாக வரட்டும் என்று அவர் நின்றார். "ஏறுடி, வெயில் வந்துரும்" என்றாள் சித்தி. ஏறிவிட்டாள்.

பிறகு அவர் தனியாக ஓட்டினார். பள்ளம் வந்தது, வேகத்தடை வந்தது. காலி வண்டி எதிலும் முனகவில்லை, வெண்ணெயில் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தடவையாவது உரசித் தொலையேன் என்றிருந்தது. முன்னால் போகிற வண்டியின் பின்கண்ணாடிக்குள் நாலு தலைகள். யாரோ ஏதோ சொல்ல, மகளின் தலை பின்னால் சாய்ந்து குலுங்கியது. அந்த ஆள் என்ன சொல்லியிருப்பான்? அப்படிச் சிரிக்கிற மாதிரி அவளிடம் தான் கடைசியாக என்ன சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சகலையின் வண்டி நிற்க, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இவரும் நின்றார். சரக்கு ரயில், போய்க்கொண்டே இருந்தது. அப்போது முன்வண்டியின் பின்கதவு திறந்தது. மகள் இறங்கினாள். துப்பட்டாவைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு அவரை நோக்கி நடந்து வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் அவளுடைய தலையணை மட்டும் ஏற்றாமல் விட்டுப்போய்க் கிடந்தது. அதை எடுக்கத்தான் வருகிறாளோ.

ரயிலின் கடைசிப் பெட்டி கடந்தது. கேட் மெல்ல எழும்பியது. பின்னால் லாரிக்காரன் ஹார்னில் கை வைத்தான். கிரேன் உடம்பை வளைத்து முன்கதவின் பூட்டுக் குமிழைத் தூக்கிவிட்டார். ஒரு கணம் விட்டு, இன்னும் எட்டி, பின்கதவின் குமிழையும் தூக்கிவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தபோது அவள் கை, தூசி படிந்த கண்ணாடிக்கு வெளியே, வண்டியின் பக்கவாட்டைத் தடவியபடி வந்துகொண்டிருந்தது.