மூவாயிரம் வருஷத்துப் பிள்ளை

சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தவளின் கையில் அந்த ரோஸ் கலர் வளையல் வந்து விழுந்தது. பிளாஸ்டிக். இரண்டு விரல்தான் நுழையும். ஒரு பக்கம் உடைந்து, சூடு காட்டி ஒட்டிய தழும்பு. ஒட்டியதே அவள்தான், அன்றைக்குக் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது.

காலையிலிருந்தே அகழாய்வுக் குழியைச் சுற்றி ஒரே அமளி. வயிறு பெருத்த ஒரு தாழி, அதற்குள் சின்னஞ்சிறு எலும்புக்கூடு. அகழாய்வுக்குத் தலைவரான பேராசிரியருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாவம், இத்தனை வருஷமாக உடைந்த பானை ஓடுகளையும் பாசிமணியையும் காட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்த மனுஷன். "மூவாயிரம் வருஷம்! நம்ம முன்னோர் ஒரு குழந்தைய எவ்வளவு பாசமா அடக்கம் பண்ணியிருக்காங்க பாருங்க!" என்று போனில் எல்லாரிடமும் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். தாழிக்குள் இருந்த மண்தான், கூலிக்குச் சலிக்கும் இவள் சல்லடைக்கு வந்திருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பல வருஷம் முன்னால் மகள் காய்ச்சலில் போனபோது எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாமல் அவள் கிடந்தாள். புருஷன்தான் தனியாகத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்து, "தோண்டுறப்ப ஒரு பழைய தாழி தட்டுப்பட்டுச்சு. அதுக்குள்ளயே வெச்சு மூடிட்டேன். நாய் கிளறாது, பயப்படாத" என்றான். எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இப்போது கேட்கலாமென்றால் அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

வளையலை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனாள்.

"சார், அது எம் பொண்ணு சார். குடுத்துடுங்க, எங்கயாவது பொதைச்சுக்கிறேன்."

அவர் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் செத்துப்போய் மறுபடி உயிர் வந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இத எலி இழுத்துட்டு வந்திருக்கும்மா."

"நான் ஒட்டுன வளையல் சார்."

"சரி, உம் பொண்ணுன்னே வெச்சுப்போம். அப்போ போலீஸக் கூப்பிடணும். எப்படிச் செத்துச்சு, ஏன் திருட்டுத்தனமாப் பொதைச்சேன்னு உன்னக் குடைவாங்க. எலும்ப மூட்டையில கட்டி எங்கயோ போடுவாங்க. எங்ககிட்ட இருந்தா கண்ணாடிப் பெட்டி, ஏசி ரூம், ஊரே வந்து கும்பிடும். பெத்தவ நீயே சொல்லு, எது நல்லது?"

குரலில் அப்படி ஒரு கனிவு, பாவி மனுஷனுக்கு! காய்ச்சலில் கொதித்துச் செத்த பிள்ளைக்கு ஏசி ரூமாம். மூட்டை என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை.

பத்திரிகைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு பெண் மைக்கை நீட்டி, "பையனா, பொண்ணா சார்?" என்று கேட்டாள்.

"ஆய்வு பண்ணித்தான் சொல்ல முடியும்."

"பொண்ணு" என்றாள் இவள், பின்னாலிருந்து. "ஒருக்களிச்சுப் படுத்தாத்தான் தூங்குவா."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பேராசிரியர் அவசரமாக முன்னால் வந்தார். "பாருங்க, நம்ம மக்களுக்கு முன்னோர் மேல எவ்வளவு பாசம்! ரத்தத்துலயே ஊறியிருக்கு."

அந்தப் பெண் மைக்கை இவள் பக்கம் திருப்பினாள். "மூவாயிரம் வருஷம் முன்னாடி வாழ்ந்த உங்க முன்னோரப் பாக்குறப்ப என்ன தோணுதும்மா?"

அவள் கண் குழியின் பக்கமே இருந்தது. பஞ்சு விரித்த பெட்டியை இரண்டு ஆட்கள் குழியிலிருந்து தூக்கினார்கள். ஒருவன் கால் சறுக்க, பெட்டி சாய்ந்து, உள்ளே எலும்புகள் கலகலத்தன. "ஐயோ, தலை!" என்று ஓடிப்போய் இரண்டு கைகளையும் நீட்டினாள். அதற்குள் அவர்கள் சுதாரித்துக்கொண்டு, பெட்டியை வேனில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"அப்படியே நில்லுங்கம்மா, கையை எறக்காதீங்க" என்றான் போட்டோ எடுப்பவன். "பிரமாதமா இருக்கு."

வேன் நகர்ந்தது. அவள் கையை இறக்கவில்லை.